அளவறிந்த அறிஞர்

அரக்கர் கதைகளை விரும்பாத குழந்தைகள் உண்டோ? இராமாயணத்துக் கும்பகருணன் மலைபோன்ற உடலினன். பாரதத்துக் கடோற்கசன் போர்க்களத்தில் வீழ்ந்தபோது, பகைவரின் பெரும்படை ஒன்று அவனுடலின்கீழ் அகப்பட்டு நசுங்கியது என்பர். மேலைநாட்டுக் கதைகளிலும் பனைமரத்தை விஞ்சிய மனிதர்கள் பலர் வருகின்றனர். இக்கதைகளைக் கேட்டு நாம் மகிழ்கிறோம். ஆயினும், அத்தகைய மனிதன் ஒருவன் உண்மையில் எழுந்து நடக்க இயலுமா? உடல் பெருத்ததற்கேற்ப அவனது அறிவும் பெருத்திருக்குமா?

இவ்வினாக்களை விளையாட்டென்று ஒதுக்காமல், உடலின் அளவைப் பற்றிக் கணக்கிட்டு ஆராய்ந்த அறிஞர் ஒருவர் இருந்தார். அவர் இங்கிலாந்தில் பிறந்தவர். இந்தியாவைத் தம் நாடாக ஏற்றவர். ஒடிசா மண்ணில் கண்மூடியவர். அவரே ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன். உலகம் அவரை ஜே. பி. எஸ். ஹால்டேன் எனச் சுருக்கமாக அழைக்கிறது. அவரது வாழ்வையும், அவர் கண்ட உண்மை ஒன்றையும் இப்பாடத்தில் அறிவோம்.

இளமைப் பருவம்

ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் புகழ்பெற்ற உடலியல் அறிஞர். நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக் காற்றால் தொழிலாளர் பலர் மாண்டுவந்த காலம் அது. அந்நச்சுக் காற்று எது, அது மனிதனை எவ்வாறு கொல்கிறது என்பதைத் தந்தையார் ஆராய்ந்தார். கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற வாயுவே பல சாவுகளுக்குக் காரணம் என்று கண்டார். சுரங்கத்தினுள் செல்வோர் சிறு பறவையையோ எலியையோ உடன்கொண்டு செல்லுதல் வேண்டும் என்று அறிவுறுத்தினார்.

சிறு உயிரை ஏன் கொண்டுசெல்ல வேண்டும்? சிற்றுயிர்கள் தம் எடையை நோக்க மிகுதியாக மூச்சுவிடுகின்றன. எனவே நச்சு அவற்றின் குருதியில் விரைந்து கலக்கிறது. மனிதன் மயங்குமுன்னரே பறவை மயங்கிவிடும். அதனைக் கண்டு மனிதன் தப்பிப் பிழைப்பான். உடலின் அளவு மாறினால் வாழ்வின் முறையே மாறுகிறது என்னும் உண்மையைச் சிறுவன் ஹால்டேன் தன் வீட்டிலேயே கண்டறிந்தான் எனலாம்.

தந்தையார் தம் மகனையும் ஆய்வுக்கு உடன் அழைத்துச் செல்வது வழக்கம். ஒருமுறை சுரங்கத்தின் தாழ்ந்த பகுதி ஒன்றில் மகனை எழுந்து நிற்கச் செய்து, நாடகம் ஒன்றில் வரும் நீண்ட சொற்பொழிவை ஒப்பிக்குமாறு கூறினார். சிறிது நேரத்தில் சிறுவனுக்கு மூச்சு வாங்கியது, கால்கள் தளர்ந்தன, அவன் தரையில் சரிந்தான். தரையருகே இருந்த காற்று தூய்மையாக இருந்தமையால் விரைவில் தெளிவு பெற்றான். மீத்தேன் வாயு காற்றைவிட இலேசானது; ஆதலால் கூரையை ஒட்டித் தங்கும். இப்பாடத்தை அவன் ஏட்டில் படிக்கவில்லை. தன் உடலால் படித்தான்.

பதின்மூன்று வயதில் கடலுக்குள் மூழ்கும் வாய்ப்பும் அவனுக்குக் கிடைத்தது. மூழ்குவோர் அணியும் உடை வளர்ந்தவர்களுக்கெனத் தைக்கப்பட்டது. சிறுவனுக்கு அது பொருந்தாமையால் உடைக்குள் நீர் கசிந்து ஏறியது. ஆயினும் அவன் அஞ்சாது மூழ்கி மீண்டான். தன் அளவுக்குப் பொருந்தாத உடை எத்துணை இடர் தரும் என்பதையும் அன்று உணர்ந்திருப்பான்.

கல்வியும் போரும்

ஹால்டேன் ஈட்டன் பள்ளியிலும், பின்னர் ஆக்ஸ்போர்டின் நியூ கல்லூரியிலும் பயின்றார். கணிதத்திலும், கிரேக்க, இலத்தீன இலக்கியங்களிலும் முதல் வகுப்பில் தேறினார். உயிரியலில் பெரும்புகழ் பெற்ற இவர் அத்துறையில் பட்டம் எதுவும் பெற்றவரல்லர் என்பது வியப்பிற்குரியது. தம் தங்கை நவோமியுடனும் நண்பர் ஒருவருடனும் சேர்ந்து எலிகளை வளர்த்து, பண்புகள் தலைமுறை தலைமுறையாக வரும் முறையை ஆராய்ந்தார். அவ்வாய்வின் முடிவு 1915ஆம் ஆண்டு வெளிவந்தது. அப்போது அவர் போர்முனையில் இருந்தார்.

முதல் உலகப் போரில் பிரான்சிலும் மெசபடோமியாவிலும் போரிட்டு அவர் காயமுற்றார். உடல் தேறுவதற்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்நாட்டின் மண்ணையும் மக்களையும் அவர் விரும்பினார். ஆனால் ஆள்வோர், ஆளப்படுவோர் என்ற வேற்றுமை அவரை வருத்தியது. இந்தியரோடு சமமாகப் பழக இயலும் நாள் வந்தால்தான் மீண்டும் இங்கு வரவேண்டும் என்று உள்ளத்தில் உறுதிகொண்டு திரும்பினார். அந்நாள் வருவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

அரக்கனைக் கணக்கிட்ட கட்டுரை

போருக்குப் பின்னர் ஹால்டேன் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் கற்பித்தார். அக்காலத்தில், 1926ஆம் ஆண்டு, உயிர்களுக்கு உரிய சரியான அளவைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரை இன்றளவும் உலகெங்கும் படிக்கப்படுகிறது. இளமையில் தாம் கண்ட கதைநூல் ஒன்றின் படங்களிலிருந்த அரக்கர்களை அதில் அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்.

அவர் செய்த கணக்கைப் புரிந்துகொள்ள, மாணவர்களே, முதலில் ஒரு சிறிய செயலைச் செய்து பாருங்கள். ஒரே அளவுள்ள மரக்கட்டைகள் சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் நீளம், அகலம், உயரம் மூன்றும் 1 செ.மீ. என்று கொள்வோம். ஒரு கட்டைக்கு ஆறு முகங்கள். அதன் புறப்பரப்பு 6 சதுர செ.மீ. இப்போது எல்லாப் பக்கங்களும் 2 செ.மீ. இருக்குமாறு பெரிய கட்டை ஒன்றை அடுக்குங்கள். அதற்கு எட்டுச் சிறு கட்டைகள் தேவைப்படும்; எனவே எடை எட்டு மடங்கு. ஆனால் புறப்பரப்போ 24 சதுர செ.மீ.; அதாவது நான்கு மடங்கே. பக்கங்களை மூன்று மடங்காக்கினால் எடை 27 மடங்காகும். பரப்பு 9 மடங்காகும். உருவம் பெருக்குந்தோறும் எடை முந்திச் செல்கிறது, பரப்பு பின்தங்குகிறது. எலும்பின் வலிமை குறித்த இவ்வுண்மையை இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638ஆம் ஆண்டிலேயே தம் நூலில் விளக்கியுள்ளார்.

இனி அரக்கனைக் காண்போம். ஆறடி உயரமுள்ள மனிதனைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் அறுபதடி அரக்கன் தோன்றுவான். அவன் உயரம் மட்டுமன்றி, அகலமும் பருமனும் பத்து மடங்காகும். எனவே அவனது எடை 10 × 10 × 10, அதாவது ஆயிரம் மடங்காகும். மனிதனின் எடை 80 கிலோ எனில், அரக்கனின் எடை 80,000 கிலோ. இவ்வளவு எடையைத் தாங்குவது எது? தொடை எலும்பு. எலும்பின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அப்பரப்போ நூறு மடங்கே பெருகியுள்ளது. ஆகவே அரக்கனுடைய எலும்பின் ஒவ்வொரு சிறு பகுதியும், நம் எலும்பு தாங்குவதைப் போலப் பத்து மடங்கு சுமையைத் தாங்குதல் வேண்டும். மனிதனின் தொடை எலும்பு ஏறத்தாழப் பத்து மடங்கு எடையில் முறிந்துவிடும். அரக்கன் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் அவன் தொடை முறியும்! தாம் கண்ட படத்தில் அரக்கர்கள் அமர்ந்தே இருந்ததற்குக் காரணம் இதுவே போலும் என்று ஹால்டேன் நகைச்சுவையுடன் எழுதினார். அரக்கனைக் கொன்ற கதைத்தலைவனின் வீரத்தின்மீது தமக்கிருந்த மதிப்பும் இதனால் குறைந்துவிட்டதாக அவர் குறிப்பிட்டார்.

அறுபதடி மனித உருவம் என்றதும், கர்நாடக மாநிலம் சிரவணபெளகொளாவில் உள்ள கோமதேசுவரர் சிலை நம் நினைவுக்கு வரும். ஒரே கருங்கல்லில் செதுக்கப்பட்ட அச்சிலை ஏறத்தாழ 57 அடி உயரமுடையது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கப்பட்ட அது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிமிர்ந்து நிற்கிறது. ஆயினும் அது கல், எலும்பன்று. அச்சிலைக்கு நடக்க வேண்டியதில்லை, உண்ண வேண்டியதில்லை. கால்களின் இருபுறமும் புற்று வடிவில் விடப்பட்ட பாறை தொடைவரை அதற்குத் துணையாக நிற்கிறது. ஊனுடலுக்கு அத்தகைய துணை ஏது?

அவ்வாறாயின் யானை எவ்வாறு நிற்கிறது? மானின் கால்களையும் யானையின் கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மானை அப்படியே பெரிதாக்கினால் யானை வாராது. பேருடல் வேண்டுமெனில், கால்கள் தூண்களாகப் பருத்துக் குறுகுதல் வேண்டும். வடிவத்தை மாற்றாமல் அளவை மட்டும் மாற்ற இயற்கை இசைவதில்லை. கடல்நீர் தாங்கிக்கொள்வதால்தான் நீலத்திமிங்கிலம் அத்துணைப் பெரிதாக வளர முடிகிறது. கரையொதுங்கினால் தன் எடையே அதற்குச் சுமையாகி மூச்சை அடைக்கும்.

பெரியவர்க்குப் பெரிய இடர். சிறியவர்க்கோ வேறுவகை இடர். ஆழமான சுரங்கத்தினுள் விழுந்த சுண்டெலி, தரை மென்மையாக இருப்பின் சிறிது அதிர்ந்து, பின் எழுந்து ஓடிவிடும். அதே வீழ்ச்சி மனிதனைக் கொன்றுவிடும். எடையை நோக்க எலிக்குப் புறப்பரப்பு மிகுதியாதலின், காற்று அதனைத் தாங்கி மெல்ல இறக்குகிறது. ஆனால் அதே புறப்பரப்பு வேறிடத்தில் பகையாகிறது. குளித்தெழும் மனிதன் தன் உடலில் அரைக் கிலோ அளவு நீரையே சுமக்கிறான். நனைந்த எலியோ தன் எடைக்குச் சமமான நீரைச் சுமக்கிறது. நனைந்த ஈ தன் எடையைப்போலப் பன்மடங்கு நீரில் சிக்கித் தவிக்கிறது. மேலும், பரப்பு மிகுந்தால் உடலின் வெப்பம் விரைந்து வெளியேறும். ஐயாயிரம் எலிகள் சேர்ந்தால் ஒரு மனிதனின் எடை வரும். ஆனால் அவ்வெலிகளுக்குத் தேவைப்படும் உணவோ ஒரு மனிதனின் உணவைப்போல ஏறத்தாழ 17 மடங்கு! அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் பழமொழி. அளவு குறைந்தாலும் இடரே என்பதை ஹால்டேனின் கணக்கு காட்டுகிறது.

அரக்கனின் அறிவு

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். பேருடல் பெற்றவன் பேரறிவும் பெறுவானா? ஹால்டேன் தம் கட்டுரையில் மூளையைப் பற்றியும் எழுதினார். பூனை, சிறுத்தை, புலி போன்ற ஓரினத்து விலங்குகளை ஒப்பிட்டால், உடலின் எடை நான்கு மடங்காகும்போது மூளையின் எடை இரண்டு மடங்கே ஆகிறது என்று அவர் சுட்டினார். பெரிய விலங்கு எலும்புக்கு மிகுதியாகச் செலவிடுகிறது. மூளையிலும் கண்ணிலும் சிக்கனம் காட்டுகிறது.

இக்கணக்கை நம் அரக்கனுக்குப் பொருத்திப் பார்ப்போம். அவன் எடை ஆயிரம் மடங்கு. அவன் மூளையோ ஏறத்தாழ 32 மடங்கே பெருகும். மனிதனின் மூளை 1.4 கிலோ எனில், அரக்கனின் மூளை 45 கிலோ அளவே இருக்கும். நம் உடலில் ஏறத்தாழ ஐம்பத்தேழில் ஒரு பங்கு மூளை. அரக்கன் உடலிலோ ஆயிரத்து எண்ணூறில் ஒரு பங்கே!

பங்கு குறைந்தாலும் மொத்த எடை மிகுந்ததன்றோ என்று நீங்கள் கேட்கலாம். எடையே அறிவாகுமெனில், யானையும் திமிங்கிலமும் நமக்கு ஆசிரியர்களாக இருந்திருக்கும். யானையின் மூளை ஏறத்தாழ 5 கிலோ. எண்ணெய்த் திமிங்கிலத்தின் மூளை ஏறத்தாழ 8 கிலோ. யானை அறிவுள்ள விலங்கே. ஆயினும் நம்மினும் மும்மடங்கு அறிவுடையதன்று. பேருடலை இயக்குவதற்கே பெருமூளையின் பெரும்பகுதி பணிசெய்ய வேண்டியுள்ளது. மேலும், மூளை பெருந்தீனி கொள்ளும் உறுப்பு. நம் உடல் எடையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே உள்ள அது, ஓய்வில் இருக்கும்போதும் உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. மூளை பெருக்கப் பெருக்க, அதற்கு உணவூட்டவும் அதன் வெப்பத்தைத் தணிக்கவும் உடல் பாடுபட வேண்டும். தலை பதினெட்டு மீட்டர் உயரத்தில் இருப்பின், அங்குக் குருதியை ஏற்றுவதும் எளிதன்று. நெடுங்கழுத்தையுடைய ஒட்டகச்சிவிங்கியின் குருதியழுத்தமே மனிதனுக்கு உள்ளதைப்போல இருமடங்காகும்.

இன்னொரு தடையும் உண்டு. நம் நரம்புகளில் செய்தி மிக விரைவாகச் செல்லும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர். அரக்கனின் நரம்பு நீளுமேயன்றிச் செய்தியின் வேகம் அதற்கேற்ப மிகாது. கால் இடறிய செய்தி தலையை அடைய நமக்கு ஆகும் நேரத்தைப்போல அவனுக்குப் பத்து மடங்கு நேரமாகும். ஆனால் அவன் சரிந்து விழ ஆகும் நேரமோ மூன்று மடங்கைச் சற்றே மிஞ்சும். எனவே நம்மைப்போல விரைந்து காலூன்றித் தன்னைக் காத்துக்கொள்ள அவனால் இயலாது. வலியை உணர்த்தும் சில நரம்புகளில் செய்தி நொடிக்கு ஒரு மீட்டர் அளவே நகர்கிறது. அரக்கனின் உள்ளங்காலில் முள் தைத்தால், அவ்வலி முழுமையாகத் தலைக்கு எட்டப் பதினெட்டு நொடிகள் ஆகும்! கைகால்களோடு இத்தனை தொலைவு பிரிந்து நிற்கும் அறிவு, எத்துணைக் கூர்மையாயினும், காலத்தில் உதவாது.

உண்மை வாழ்வும் இதற்குச் சான்று பகர்கிறது. அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டு பிறந்த இராபர்ட் வாட்லோ என்பார், நோயின் காரணமாக 272 செ.மீ. உயரம் வளர்ந்தார். வரலாற்றில் ஐயமின்றி அளக்கப்பட்ட மனிதர்களுள் அவரே மிக உயரமானவர். உயரத்தில் நம்மினும் ஒன்றரை மடங்கே மிகுந்த அவருக்கு, நடப்பதற்குக் கால்களில் இரும்புத் தாங்கிகள் தேவைப்பட்டன. பாதங்களில் உணர்ச்சியும் குறைந்திருந்தது. தாங்கி உராய்ந்து ஏற்பட்ட கொப்புளம் புண்ணாகி நஞ்சேறியதால், 1940ஆம் ஆண்டு தம் இருபத்திரண்டாம் வயதில் அவர் இறந்தார். மென்மையான உள்ளம் படைத்த அவ்விளைஞரைக் காண மக்கள் கூட்டங்கூட்டமாக வந்தனர். அவர் சுமந்த துன்பத்தை உணர்ந்தோர் எத்தனை பேரோ!

தம் உடலே ஆய்வுக்கூடம்

உடலின் எல்லைகளை ஏட்டில் மட்டும் கணக்கிட்டு அமைந்தவரல்லர் ஹால்டேன். தந்தையைப் போலவே தம் உடலையே ஆய்வுப்பொருளாக்கினார். குருதியின் தன்மை மாறினால் மூச்சு எவ்வாறு மாறும் என்பதை அறிய, உப்புகளைக் கரைத்துக் குடித்து நோயுற்றார்.

1939ஆம் ஆண்டு, தெட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் இங்கிலாந்தின் கடற்கரைக்கு அருகே மூழ்கியது. 99 பேர் உயிரிழந்தனர். இனி இத்தகைய சாவுகள் நேராதிருக்க வழிகாணும் பொறுப்பை ஹால்டேன் ஏற்றார். அவரும் அவருடைய தோழர்களும் இரும்பு அறைகளுக்குள் அடைபட்டு, கரியமில வாயுவைச் சுவாசித்தனர், கடுங்குளிரைத் தாங்கினர், காற்றழுத்தத்தைப் பத்து மடங்குவரை ஏற்றிப் பார்த்தனர். அவ்வழுத்தத்தில் எளிய கணக்குகளைப் போட முயன்றபோது, கூர்த்த மதியினரும் பிழைசெய்தனர். மூச்சில் கலக்கும் காற்று மாறினால் அறிவும் மழுங்குகிறது. உடலை விட்டுத் தனியே இயங்கும் அறிவு இல்லை என்பதை அவர்கள் நேரில் கண்டனர்.

இவ்வாய்வுகளின்போது, அழுத்தம் மிகுந்த ஆக்சிஜனால் ஹால்டேனுக்கு வலிப்பு கண்டது. அவருடைய முதுகின் முள்ளெலும்புகள் நசுங்கின. அவ்வலி நெடுநாள் நீங்கவில்லை. செவிப்பறையிலும் துளை விழுந்தது. புகைபிடிக்கும்போது காதின் வழியே புகையை விட முடிகிறதே என்று அவர் அதனையும் வேடிக்கையாக்கினார்.

கணிதத்தால் உயிரியலை ஆராய்ந்தது அவரது பெருஞ்சாதனை. இயற்கைத் தேர்வு எவ்வளவு விரைவாக ஓரினத்தை மாற்றும் என்பதை 1924ஆம் ஆண்டு முதல் தொடர் கட்டுரைகளில் கணக்கிட்டுக் காட்டினார். ரொனால்டு ஃபிஷர், சூவல் ரைட் என்னும் இருவருடன் சேர்த்து, இத்துறையை நிறுவிய மூவருள் ஒருவராக அவர் போற்றப்படுகிறார்.

எனினும் அவரும் பிழைகளுக்கு அப்பாற்பட்டவரல்லர். பொதுவுடைமைக் கொள்கையில் பற்றுக்கொண்ட அவர், சோவியத் நாட்டில் மரபியல் அறிஞர்கள் ஒடுக்கப்பட்டபோது உரிய நேரத்தில் உரக்கக் கண்டிக்கவில்லை. பின்னர் அக்கட்சியிலிருந்து விலகினார். உண்மையைத் தம் உடலால் சோதிக்கத் தயங்காதவரும் ஒரு பொழுது தயங்கினார் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

இந்தியாவைத் தேடி

1957ஆம் ஆண்டு ஹால்டேன், தம் துணைவியாரும் உயிரியல் அறிஞருமான ஹெலன் ஸ்பர்வேயுடன் இந்தியாவுக்கு வந்தார். கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றுமாறு அறிஞர் மகலனோபிஸ் அவரை அழைத்திருந்தார். இந்தியா விடுதலை பெற்றுப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. எவரும் எவரையும் ஆளாத நிலையில், தாம் விரும்பியவாறு இந்தியரோடு சமமாக வாழ அவர் வந்தார். இந்திய உடை உடுத்தார், புலாலுணவை விடுத்தார், இந்தியக் குடியுரிமையும் பெற்றார்.

விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று வருந்திய இளைஞர்களுக்கு அவர் காட்டிய வழி எளியது. கண்ணும் கருத்தும் உடையவர்க்கு எண்ணுவதற்கும் அளப்பதற்கும் எங்கும் பொருள் உண்டு என்றார். அவ்வாறே ராய் என்னும் மாணவர் பவளமல்லி மலர்களின் இதழ்களை எண்ணி ஆராய்ந்தார். டேவிஸ் என்பார், தென்னையின் ஓலைகள் இடஞ்சுழியாகவும் வலஞ்சுழியாகவும் அமைவதை ஆராய்ந்து, அப்பண்பு மரபுவழி வருவதன்று எனக் கண்டார். ஜெயகர் என்பார் ஆள்காட்டிப் பறவைகளின் வாழ்க்கையைக் கூர்ந்து நோக்கினார். உயிர்களைக் கொல்லாமலும் துன்புறுத்தாமலும் செய்யக்கூடிய இவ்வாய்வுகள் உலக அறிஞரின் கவனத்தைப் பெற்றன. பெரிய கருவியினால்தான் பெரிய அறிவு வரும் என்பதில்லை. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பது ஆய்வுக்கும் பொருந்தும்.

1962ஆம் ஆண்டு, ஒடிசா அரசின் ஆதரவுடன், புவனேசுவரத்தில் மரபியல் ஆய்வுக்கூடம் ஒன்றை ஹால்டேன் அமைத்தார். விரைவிலேயே புற்றுநோய் அவரைப் பற்றியது. அந்நோயையும் அவர் அஞ்சவில்லை. மக்கள் வெட்கத்தை விடுத்து உரிய காலத்தில் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதற்காக, தம் நோயைப் பற்றியே நகைச்சுவைக் கவிதை ஒன்றை எழுதி வெளியிட்டார். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் புவனேசுவரத்தில் அவர் காலமானார்.

தம் உடலை எரிக்கவோ புதைக்கவோ வேண்டா. மருத்துவ மாணவர்கள் கற்பதற்குத் தருக என்று அவர் விருப்பமுறி எழுதியிருந்தார். அதன்படி ஆந்திர மாநிலம் காக்கிநாடாவில் உள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அவருடல் அளிக்கப்பட்டது. சுரங்கத்தில் நின்று மயங்கிய உடல். போரில் காயமுற்ற உடல். இரும்பறையில் முதுகெலும்பு நசுங்கிய உடல். உயிர் பிரிந்த பின்னரும் அது ஒரு பாடமாக அமைந்தது.

மாணவர்களே, ஹால்டேன் கணக்கிட்ட அரக்கன் எழுந்து நிற்க மாட்டான். நின்றாலும் நம்மினும் சிறந்த அறிவுடையவனாக இருக்க மாட்டான். எறும்பிற்கு எறும்பின் அளவே ஏற்றது. யானைக்கு யானையின் அளவே ஏற்றது. மனிதனுக்கு வாய்த்த இந்த ஐந்தாறு அடி உடலே, ஓடவும் உழைக்கவும் எண்ணவும் ஏற்ற அளவு. வகுப்பில் உயரமானவர் உண்டு, குட்டையானவரும் உண்டு. அவர்தம் அறிவை அளக்க அளவுகோல் பயன்படாது. பெருமை என்பது உருவத்தின் அளவில் இல்லை. அவ்வுருவத்தைக் கொண்டு ஒருவர் ஆற்றும் பணியில் உள்ளது.

பயிற்சி

அ. அருஞ்சொற்பொருள் அறிக.
விஞ்சிய – மிகுந்த
குருதி – இரத்தம்
புலால் – இறைச்சி
விடுத்தார் – விட்டுவிட்டார்
கூர்த்த மதி – நுட்பமான அறிவு
விருப்பமுறி – இறப்புக்குப் பின் செய்ய வேண்டியவற்றைக் கூறும் உயில்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சுரங்கத்தினுள் செல்வோர் சிறு பறவையை உடன்கொண்டு சென்றது ஏன்?
2. அறுபதடி அரக்கனின் தொடை முறியும் என்று ஹால்டேன் கூறக் காரணம் யாது?
3. மூளையின் எடையைக் கொண்டு அறிவை அளக்க இயலாது என்பதற்கு இரண்டு சான்றுகள் தருக.
4. ஹால்டேன் இந்திய மாணவர்களுக்குக் காட்டிய ஆய்வுவழி யாது?

இ. கணக்கிட்டு எழுதுக.
ஒரு கட்டையின் எல்லாப் பக்கங்களும் நான்கு மடங்கானால், அதன் எடை எத்தனை மடங்காகும்? புறப்பரப்பு எத்தனை மடங்காகும்?

ஈ. பிரித்து எழுதுக.
பேருடல், பேரறிவு, சிற்றுயிர், ஊனுடல், உள்ளங்கால்

உ. சிந்தித்து எழுதுக.
உங்கள் பெற்றோர் பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலத்தில் வாழ்கின்றனர். ஹால்டேனும் தாம் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டைத் தம் நாடாக ஏற்றார். புதிய இடத்தைத் தம் இடமாக்கிக்கொள்ள ஒருவர் என்னென்ன செய்ய வேண்டும்? பத்துத் தொடர்களில் எழுதுக.